வட்டவடைக்கு ஓர் ஆற்றுப்படை

பசியோடு வழிநடப்பவனுக்குச் சோறு கிடைக்கும் இடத்தைச் சொல்லி அனுப்புவதையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்தெடுத்தவர் நம் முன்னோர். பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று மீளும் கலைஞன், எதிரே வாடி வரும் கலைஞனிடம், இன்ன வழியே செல்க, இன்ன சிற்றூரில் இன்ன உணவு தருவர், இன்ன இடத்தில் தங்குக என்று கூறுவதே அவற்றின் அமைப்பு. அவற்றுள்ளும் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் மலைவழிக்கே உரியது. தினைச்சோறும் இறைச்சியும், மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேறலும் எங்கெங்கே கிடைக்கும் என்று கூறும் அப்புலவர், வழுக்கும் பாறை எது, பாம்பு உறையும் குழி எது என்பதையும் உடன் சொல்லிவைத்தார். உணவை மட்டும் சொல்லி வழியின் இடரை மறைப்பது நல்ல ஆற்றுப்படை ஆகாது என்பது அவர் கருத்துப் போலும்.

கடல் கடந்து வாழும் நம் குடும்பங்கள் விடுமுறையில் தாயகம் செல்லுங்கால் மூணாற்றைக் காணாது திரும்புவோர் அரியர். மூணாறு சென்றோர் அங்கிருந்து ஏறத்தாழ 32 கி.மீ. தொலைவிலுள்ள டாப் ஸ்டேஷன் என்னும் மலைமுகட்டுக்கும் செல்வர். சிலர் அதனையும் கடந்து வட்டவடைக்கு இறங்குவர். அங்கே குழந்தைகளுக்கு உண்ண என்ன கிடைக்கும், நல்ல தேநீர் எங்கே கிடைக்கும் என்று நம்மிடம் கேட்போர் பலர். விடை இரண்டு வரியில் முடியும். ஆயினும் அம்மலையில் உணவு வந்த வரலாறு இரண்டு வரியில் முடிவதன்று. அது பெரும்பாலும் தமிழர் வரலாறு. அதிலும் நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் சென்ற தமிழரின் வரலாறு.

டாப் ஸ்டேஷன் என்னும் பெயரைக் கேட்டு அங்கே புகைவண்டி நிலையத்தைத் தேடுவோர் ஏமாறுவர். ஆனால் அப்பெயர் வீணாக வந்ததன்று. கண்ணன் தேவன் மலைகளைப் பூஞ்சாற்று அரச குடும்பத்தாரிடமிருந்து 1877-ஆம் ஆண்டில் குத்தகைக்குப் பெற்றவர் சான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர். 1880-இல் தேயிலை முதன்முதலாக நடப்பெற்றது. 1897-இல் கண்ணன் தேவன் கம்பெனி தோன்றியபின் காடுகள் விரைந்து தோட்டங்களாயின. விளைந்த தேயிலையைக் கப்பலுக்குக் கொண்டுசெல்ல மேற்கே நல்ல வழியில்லை. கிழக்கே, செங்குத்தான சரிவின் அடியில், போடிநாயக்கனூர்ச் சமவெளி கிடந்தது. எனவே 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே ஒற்றைத் தண்டவாளம் ஒன்றை இட்டனர். அதன்மேல் வண்டிகளை இழுத்தவை எருதுகள்! 1908-இல் அதனை அகற்றி, இரண்டடி அகலப் பாதையில் சிறிய நீராவி வண்டிகளை ஓட்டினர். அவ்வண்டி வந்து நின்ற உச்சி நிலையமே டாப் ஸ்டேஷன். அங்கிருந்து கயிற்றுவழியில் தொங்கிய பெட்டிகள் தேயிலையைச் சுமந்து கீழே கொட்டகுடிப் பக்கம் இறங்கின. அடிவாரத்திலிருந்து போடி வரையில் மாட்டுவண்டி.

தேயிலை இறங்கிய கதையை எல்லா வழிகாட்டி நூல்களும் சொல்கின்றன. ஏறியது எது என்பதைச் சொல்வோர் குறைவு. ஏறியது அரிசி. தேயிலைக் காட்டில் நெல் விளையாது. தோட்டத்திலோ ஆயிரக்கணக்கான வாய்கள். திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த மக்கள் அவர்கள். அவர்களுக்கு வேண்டிய அரிசியும் உப்பும் மிளகாயும் புளியும் கீழ்நாட்டிலிருந்தே வந்தாக வேண்டும். தேயிலையை இறக்கிய அவ்வழியே அரிசியையும் ஏற்றியது. இலண்டன் மாநகரத்தின் காலைத் தேநீரும் மலையிலிருந்த கூலிக் குடும்பத்தின் இரவுக் கஞ்சியும் ஒரே கயிற்றில் எதிரெதிராகச் சென்றன என்று சொன்னால் அது மிகையன்று.

அந்த அரிசியும் இலவசமாக வந்ததன்று. தோட்டத்தில் அளந்து கொடுத்த அரிசியைக் கூலியிற் கழித்துக்கொள்ளும் முறை இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் இருந்தது போலவே தென்னிந்தியத் தோட்டங்களிலும் இருந்தது. கங்காணியிடம் முன்பணக் கடன், கணக்கில் அரிசிக் கடன் என இரண்டுக்கும் இடையே லயத்தில் வாழ்ந்த குடும்பம் ஊருக்குத் திரும்ப எண்ணியும் இயலாது பல்லாண்டு தங்கிற்று. கண்டியிலோ மலாயாவிலோ பாட்டன் பாட்டியர் பட்ட பாட்டைக் கேட்டு வளர்ந்த வாசகர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

1924-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பெருமழை கொட்டியது. கொல்லம் ஆண்டு 1099 ஆதலின் மலையாள நாட்டார் அதனைத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்றே இன்றும் குறிப்பர். மலைகள் சரிந்தன, மூணாறு நகரம் மூழ்கியது, குண்டளைப் பள்ளத்தாக்கின் இருப்புப் பாதை அடித்துச் செல்லப்பட்டு, மீண்டும் போடப்படாமலே போயிற்று. டாப் ஸ்டேஷனில் நிலையம் போய்ப் பெயர் மட்டும் நின்றது. இன்று அப்பெயர் தாங்கிய முகட்டில் நின்று கிழக்கே நோக்கினால் தேனி மாவட்டம் முகிலுக்குக் கீழே விரிந்து கிடக்கும். குரங்கணியிலிருந்து ஏறிவரும் பழைய நடைபாதையும் அங்கே முடிகிறது. 2018 மார்ச்சு 11 அன்று குரங்கணிக் காட்டில் மூண்ட தீயில் மலையேற்றம் சென்ற இளைஞர் இருபதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டது அச்சரிவுகளிலேயாம். வழியின் இடரையும் சொல்ல வேண்டும் என்றோமே, ஆதலின் இதனையும் குறித்தோம்.

இனித் தேநீரைப் பற்றி ஒரு சொல். தேயிலையைப் பறித்த கையும் அதனைப் பருகிய வாயும் நெடுங்காலம் வேறுவேறு. உயர்ந்த தூள் கப்பலேறியது. உள்நாட்டாரைத் தேநீர் பருகச் செய்யும் பெருமுயற்சி 1930-களில், உலகச் சந்தையில் விலை வீழ்ந்த பின்னரே முழுவேகம் கொண்டது. தமிழகத்தில் நடுத்தர வகுப்பார் காப்பியையே மேன்மையாகக் கருத, தேநீர் உழைப்பாளியின் பானமாயிற்று என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் நூலில் சுவைபட எழுதியுள்ளார். இன்று மூணாற்றுத் தேநீர்க்கடையில் பால் சேர்த்து ஆற்றித் தரும் தேநீரை விரும்பி அருந்துகிறோம். பாலுக்கும் அங்கே ஒரு வரலாறு உண்டு. டாப் ஸ்டேஷன் செல்லும் வழியிலுள்ள மாட்டுப்பட்டியில் 1963-இல் தொடங்கிய இந்திய சுவிட்சர்லாந்துக் கூட்டுத் திட்டம் அந்நாட்டுப் பசுவினத்தை நம் நாட்டுப் பசுக்களோடு கலந்து 'சுனந்தினி' என்னும் இனத்தை உருவாக்கிற்று. ஆனால் லயத்து மக்களிடம் கேட்டுப் பாருங்கள், கட்டஞ்சாயாவே தேநீர் என்பர்! பாலில்லாத அத்தேநீரைக் குளிர் மிகுந்த காலைப்பொழுதில் இஞ்சி சேர்த்துப் பருகினால் அவர் கூற்றை மறுக்கத் தோன்றாது.

டாப் ஸ்டேஷனில் உள்ளவை வரிசையாய் நிற்கும் சிறு கடைகள். தேநீர், முட்டை, அவித்த சோளம், சூடான சிற்றுண்டி கிடைக்கும். வயிறார உண்ண எண்ணுவோர் மூணாற்றுக் கடைத்தெருவிலேயே உண்டு செல்லலாம். அங்கே இட்டிலியும் தோசையும், புட்டும் கடலையும், பரோட்டாவும், மரவள்ளிக் கிழங்கும் மீன்குழம்பும் அருகருகே கிடைக்கும். அவ்வுணவுப் பட்டியலே அவ்வூரின் மக்கள் கணக்கெடுப்பு எனலாம். மரவள்ளி திருவிதாங்கூரில் பரவியதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் காட்டிய ஊக்கம் ஒரு காரணம். 1942-இல் பர்மா அரிசி நின்றபோது அக்கிழங்கே எண்ணற்ற குடும்பங்களின் உயிர் காத்தது.

டாப் ஸ்டேஷனைக் கடந்தால் பாம்பாடும் சோலை. 2003-இல் தேசியப் பூங்காவான அக்காட்டுக்குள் வண்டியை நிறுத்தி உணவுப் பொட்டலம் பிரிப்பது கூடாது. காட்டெருமையும் யானையும் உலவும் இடம் அது. காடு முடிந்து சாலை வளைந்து இறங்குமிடத்தில், படிப்படியாய் வெட்டிய வயல்கள் கண்ணுக்குத் தென்படும். அதுவே வட்டவடை. காரட்டு, பீன்சு, முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு, பூண்டு ஆகியன அங்கே விளைகின்றன. கடைத்தெரு இருப்பது கோவிலூரில். சிறிய உணவுக்கடைகளில் சோறும் சாம்பாரும் பொரியலும் கிடைக்கும். காலையில் தோட்டத்தில் இருந்த காய் நண்பகலில் இலைக்கு வருதல் நகரத்தார் அறியாத இன்பம்.

கேரள மாநிலத்து ஊராயினும் அங்கே ஒலிப்பது தமிழ். மதுரைப் பக்கத்தில் பகையும் கொள்ளையும் மிகுந்த காலத்தில் முன்னோர் மலையேறி வந்தனர் என்பது அவ்வூராரின் வழிவழிச் செய்தி. மேற்கே மறையூர், காந்தளூர் முதலிய அஞ்சுநாட்டு ஊரார்க்கும் இத்தகைய கதை உண்டு; மதுரையிலிருந்து முதுகிற் சுமந்து வந்தமையால் முதுவர் எனப் பெயர் பெற்றோம் என்று முதுவரும் கூறுவர். நாம் கோவிலூரில் உண்டபோது பரிமாறிய மூதாட்டியார், "எந்த ஊருங்க?" என்று கேட்டார். கடல் கடந்து இருக்கிறோம் என்றோம். "அப்ப நம்மளப் போலத்தான், ஊர விட்டு வந்தவுக. இன்னுங் கொஞ்சம் சோறு வச்சுக்குங்க" என்றார். எத்தனை நூறு ஆண்டுக்கு முன் விட்ட ஊரை நேற்று விட்டது போல் அவர் சொல்லியது நம் நெஞ்சில் தங்கிற்று.

1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் எனப் போராடியும் அவை கேரளத்தோடு நின்றன. அது பற்றிய வாதங்களை ஈண்டு விரிக்கவில்லை. உணவு வழியில் எல்லைக் கோடு பெரிதாகத் தென்படுவதில்லை என்பதே நாம் கண்டது. வட்டவடைப் பூண்டும் காயும் பன்னெடுங்காலமாகத் தமிழ்நாட்டுச் சந்தைகளை நாடியே சென்றன. காந்தளூர் வட்டவடைப் பூண்டு 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதில் மலைப்பூண்டு என ஒரு வகையும் சிங்கப்பூர்ப் பூண்டு என ஒரு வகையும் உண்டு. பின்னதன் பெயர் நம் வாசகர் சிலரை மகிழ்விக்கும்!

ஆனால் மகிழ்ச்சியோடு நிறுத்திக்கொள்ள மனம் ஒப்பவில்லை. 2020 செப்டம்பரில் வட்டவடையிலிருந்து வந்த செய்தி நாடெங்கும் தலைகுனியச் செய்தது. பட்டியல் சாதியினரான ஒரு சாராருக்கு அவ்வூர் முடிதிருத்தகங்களில் இடமில்லை என்பதே அச்செய்தி. ஊராட்சி தலையிட்டு, எவரும் செல்லக்கூடிய பொது முடிதிருத்தகம் ஒன்றைத் திறந்தது. முன்னாளில் தேநீர்க்கடையிலும் அம்மக்களுக்குக் கலம் வேறாக இருந்தது என்று அப்போது ஊரில் நினைவுகூர்ந்தனர். தமிழகத்துச் சிற்றூர்கள் பலவற்றில் இரட்டைக் குவளை இருந்ததை நாம் அறிவோம். மதுரையிலிருந்து மலையேறியவர்கள் தமிழைச் சுமந்து வந்தது போலவே அதனையும் சுமந்து வந்தனர். கடல் கடந்த நம்மிலும் அதனைப் பெட்டியில் வைத்து எடுத்துச் சென்றோர் இலரோ? விருந்தோம்பலைப் பற்றி மலர்தோறும் கட்டுரை எழுதும் நாம், எவருக்கு எந்தக் கலத்தில் ஊற்றினோம் என்பதை எழுதாது விடுதல் முறையன்று.

தேயிலைத் தோட்டத்திலும் கணக்கு முடிந்துவிடவில்லை. 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண் தொழிலாளர்கள் தாமே திரண்டு நடத்திய 'பெண்பிளை ஒருமை'ப் போராட்டத்தில் முன்நின்றோர் தமிழ்ப் பெண்கள். அன்று அவர்தம் நாட்கூலி 232 ரூபாய். போராட்டத்தின் பின் 301 ரூபாயாயிற்று. டாப் ஸ்டேஷனில் ஒரு குடும்பம் தேநீரும் சிற்றுண்டியும் கொள்ளும் செலவோடு அதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். வட்டவடை உழவர்க்கோ வேறு கவலை. 2006-இல் அறிவித்த குறிஞ்சிமலைச் சரணாலயத்தின் எல்லை, கொட்டக்கொம்பூர், வட்டவடைப் பகுதி நிலங்களைத் தொட்டு நிற்கிறது. பட்டா வழக்குகள் நீண்டன. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி பூக்கும்போது வருவோர் கூட்டம் மலையை நிறைக்கும். 2018-இல் பூத்தது, இனி 2030.

அதற்கு முன்னரே செல்லக் கருதுவோர் காலையில் மூணாற்றில் உண்டு, டாப் ஸ்டேஷனில் தேநீர் அருந்தி, நண்பகற் சோற்றுக்குக் கோவிலூர் சேர்வது நலம். மழைக்காலத்தில் முகில் இறங்கினால் முகட்டில் எதுவும் தெரியாது. அப்போது நேரே வட்டவடைக்குச் செல்லலாம். பூண்டை உழவர் வீட்டு வாசலிலேயே கேட்டு வாங்குக. கடைத்தெருவில் வெளியூர்ப் பூண்டும் கலந்து வருவதுண்டு. பொழுது சாயுமுன் சோலையைக் கடந்துவிட வேண்டும்.