லித்தியம் சிலிக்கேட் பீங்கானின் தோற்றம்: ஒரு தற்செயல் கதையின் மறுவாசிப்பு

அறிவியல் வரலாற்று நூல்கள் தற்செயல் நிகழ்வுகளுக்குப் பேரிடம் அளிப்பதுண்டு. லித்தியம் சிலிக்கேட் பீங்கானின் தோற்றம் அவ்வாறு சொல்லப்பட்டுவரும் வரலாறுகளுள் ஒன்றாகும். 1953ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி நிறுவன ஆய்வுக்கூடத்தில் டொனால்டு ஸ்டூக்கி என்னும் வேதியியலாளர் லித்தியம் சிலிக்கேட் கண்ணாடித் தட்டு ஒன்றை 600 பாகை செல்சியசில் சூடுபடுத்தும் பொருட்டு உலையில் இட்டார். வெப்பக் கட்டுப்பாடு பழுதுற்றமையால் உலை 900 பாகை அளவை எட்டியது. உருகிப் பாழாகியிருக்கும் என அவர் கருதிய கண்ணாடி, வடிவம் குலையாமல் வெண்ணிறம் பெற்றிருந்தது. இடுக்கியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தபோதும் அது உடையவில்லை.

இந்நிகழ்வை ஸ்டூக்கியே பின்னாளில் எடுத்துரைத்துள்ளார். அதனை ஐயுறக் காரணமில்லை. ஆயின் உலை பழுதானதே கண்டுபிடிப்புக்குக் காரணம் எனக் கொள்வது பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. அளவுக்கு மீறிச் சூடான கண்ணாடி குழைந்து வழிவதே இயல்பு. இத்தட்டு மட்டும் நிலைத்து நின்றமைக்குக் காரணம், உலைக்குள் செல்லும் முன்னரே அதனுள் இருந்தவற்றில் தேடப்பட வேண்டும்.

கண்ணாடியைப் பீங்கானாக மாற்றும் முயற்சி ஸ்டூக்கிக்கு இரு நூற்றாண்டுகள் முற்பட்டது. பிரெஞ்சு அறிஞர் ரேயோமூர், கண்ணாடிப் புட்டிகளை மணலும் ஜிப்சமும் கலந்த பொடியில் புதைத்துப் பல நாள் சூடுபடுத்தி, ஒளிபுகாத வெண்பொருளாக மாற்றிக் காட்டினார். 1739இல் அதனை வெளியிட்டார். எனினும் படிகங்கள் புட்டியின் மேற்பரப்பில் தோன்றி உள்நோக்கி வளர்ந்தமையால் அப்பொருள் வலிமை பெறவில்லை. அம்முயற்சி அவ்வளவில் தேங்கிற்று. ரேயோமூரிடம் உலை இருந்தது, பொறுமையும் இருந்தது. கண்ணாடியின் உள்ளே எங்கும் பரவிய படிகக் கருக்கள் இல்லை.

ஸ்டூக்கியின் தட்டு அக்கருக்களைத் தன்னகத்தே கொண்டிருந்தது. அது பீங்கானுக்காக ஆக்கப்பட்டதன்று. படம் பதிப்பதற்கென ஆக்கப்பட்ட ஒளியுணர் கண்ணாடி. அதில் சிறிதளவு வெள்ளி கலந்திருந்தது. புறஊதாக் கதிர் பட்ட இடங்களில், பின்னர்ச் சூடுபடுத்தும்போது வெள்ளி அணுக்கள் திரண்டு நுண்துகள்களாகின்றன. அத்துகள்களைக் கருவாகக் கொண்டு லித்தியம் மெட்டாசிலிக்கேட் படிகங்கள் வளர்கின்றன. ஸ்டூக்கி நாடிய 600 பாகை இந்நிலைக்கு உரியது. வெப்பம் மேலும் உயரும்போது மெட்டாசிலிக்கேட் எஞ்சிய சிலிக்காவுடன் கூடி லித்தியம் டைசிலிக்கேட்டாகிறது. இதன் உருகுநிலை ஏறத்தாழ 1033 பாகை. கண்ணாடி குழைந்து வழியும் முன்னரே ஒன்றோடொன்று பின்னிய படிகங்கள் தட்டின் வடிவைத் தாங்கிக்கொண்டன. 900 பாகையில் அவை உருகவும் இல்லை. உலை இன்னும் 150 பாகை மிகுந்திருப்பின் சொல்வதற்கு இக்கதையே இருந்திராது.

கதையில் பிறிதொரு பிழையும் கலந்துள்ளது. பொதுமக்களுக்கான எழுத்துகள் பல, விழுந்த தட்டிலிருந்து 1958இல் விற்பனைக்கு வந்த கார்னிங் சமையற்கலங்களுக்கு ஒரே தாவலில் சென்றுவிடுகின்றன. அக்கலங்களின் கலவை வேறு. அவை அலுமினியமும் சேர்ந்த லித்தியம் அலுமினோசிலிக்கேட் வகையின. கருவாக அமைந்தது வெள்ளியன்று, டைட்டானியம் ஆக்சைடு. குளிர்ந்த கலத்தை அடுப்பில் ஏற்றினாலும் வெடிக்காமைக்குக் காரணம், அப்படிகங்கள் வெப்பத்தால் மிகச் சிறிதளவே விரிவதாகும். லித்தியம் டைசிலிக்கேட்டுக்கு அப்பண்பு இல்லை. அது கணிசமாக விரியக்கூடியது. எனவே தட்டிலிருந்து கலத்துக்குச் சென்றது கருக்கொள்ளச் செய்யும் முறை மட்டுமே. இரு பாடங்களை ஒன்றெனக் கொண்ட பதிப்பாசிரியரின் பிழையை ஒத்தது இது.

தட்டின் கலவைக்கு நெருங்கிய உறவுடைய பொருள் பல்மருத்துவத்தில் இடம்பெற்றது நெடுங்காலம் கழித்தே. லிக்டென்ஸ்டைன் நாட்டு நிறுவனமான இவோக்ளார் 1998இல் லித்தியம் டைசிலிக்கேட் பல் பீங்கானை வெளியிட்டது. 2000களின் நடுப்பகுதியில் அதன் இன்னொரு வடிவம் வந்தது. இதில் கட்டி மெட்டாசிலிக்கேட் நிலையிலேயே நிறுத்தப்படுகிறது. அந்நிலையில் கடைவதற்கு எளிதாதலால் பல்லின் வடிவம் அப்போதே செதுக்கப்படுகிறது. அதன்பின் ஏறத்தாழ 840 பாகையில் சுடும்போது அது டைசிலிக்கேட்டாக மாறி உறுதி பெறுகிறது. 1953ஆம் ஆண்டு உலையில் எவரும் காணாமல் ஒரே மூச்சில் நிகழ்ந்த இரு நிலைகளும் இங்குத் தனித்தனியே, வேண்டிய இடத்தில் நிறுத்தி நிகழ்த்தப்படுகின்றன.