கான்டன் வணிகரின் கூட்டுப் பிணை

அரபு வணிகர் முற்காலத்தில் கான்பூ என்றழைத்த கான்டன் துறைமுகம், 1757 முதல் 1842 வரை மேலைக் கப்பல்களுக்குச் சீனம் திறந்து வைத்திருந்த ஒரே பெருவாயில். அங்கே அயலாருடன் வாணிகம் செய்யும் உரிமை, ‘ஹாங்’ வணிகர் எனப்பட்ட ஒரு சிலருக்கே உரியது. அவருள் ஒருவர் நொடித்துப்போனால், அவர் அயலாருக்குப் பட்ட கடனை ஏனையோர் தீர்த்தாக வேண்டும்.

அமெரிக்கர் தொடக்கத்தில் தேயிலை வாங்க வெள்ளி நாணயங்களையே பெட்டி பெட்டியாகக் கொணர்ந்தனர். 1820-களின் இறுதியிலிருந்து அவற்றின் இடத்தை இலண்டன் உண்டியல்கள் பெற்றன. அபினி விற்ற பணத்தைத் தாயகம் அனுப்ப வழி தேடிய ஆங்கில வணிகர் அவ்வுண்டியல்களை விரும்பி வாங்கினர். தேயிலைக் கோப்பைக்குப் பின்னால் இந்த நஞ்சு வாணிகம் நின்றதை நாம் மறப்பதற்கில்லை.

1837-இல் வந்தது சோதனை. அமெரிக்க வணிகத்துக்குக் கடனுதவி வந்த வில்சன், விக்கின், வைல்ட்ஸ் ஆகிய மூன்று இலண்டன் நிறுவனங்கள் சாய்ந்தன. மே 10-ஆம் நாள் நியூயார்க் வங்கிகள் நோட்டுகளுக்கு நாணயம் தர மறுத்தன. செய்தி கான்டனை எட்டவோ மாதங்கள் பிடித்தன. அதற்குள் உண்டியல்கள் கைமாறிவிட்டிருந்தன. போதாக்குறைக்கு, ஹிங்டே என்னும் ஹாங் இருபது இலட்சம் டாலருக்கு மேற்பட்ட அயல் கடனுடன் அதே ஆண்டில் திவாலாயிற்று.

ஆயினும் துறைமுகம் முடங்கவில்லை. ஹிங்டேயின் கடனைத் தவணை முறையில் அடைக்கும் சுமை எஞ்சிய ஹாங்குகளின் தோளில் ஏறியது. அவருள் முதல்வர் ஹவ்குவா எனும் வூ பிங்ஜியான். 1834-இல் அவர் செல்வம் 2 கோடியே 60 இலட்சம் டாலர் என மதிப்பிடப்பட்டது. அவர் நம்பிப் பழகிய ரஸ்ஸல் நிறுவனத்தாரின் இலண்டன் வங்கியர் பேரிங்ஸ். அவர்கள் புயலில் விழாது நின்றனர். அமெரிக்காவிலும் அவர் பணம் முதலீடாயிருந்தது. எல்லா முட்டையையும் ஒரே அடையில் வைக்காத முதியவர்!

ஆனால் இப்பிணை முறையை முற்றிலும் புகழ நமக்கு மனமில்லை. யார் விழுந்தாலும் பணம் வந்துவிடும் என்ற துணிவில் அயலார் நலிந்த ஹாங்குகளுக்கும் கடனை அள்ளி வழங்கினர். ஊதாரியின் கடன் சிக்கனக்காரர் தலையில் விடிந்தது. 1842-இல் நான்கிங் உடன்படிக்கை ஹாங் தனியுரிமையை ஒழித்து, அவர்தம் கடனுக்கென 30 இலட்சம் டாலரைச் சீன அரசின்மீது சுமத்தியது. மறு ஆண்டே ஹவ்குவா மறைந்தார்.

வியப்பு என்னவெனில், இம்முறை கடல் தாண்டியும் சென்றது. ஹாங் வணிகரின் கூட்டுப் பொறுப்பை முன்மாதிரியாகக் காட்டி ஜோஷுவா ஃபோர்மன் என்பார் அளித்த யோசனையின்படி, 1829-இல் நியூயார்க் மாநிலம் வங்கிகளுக்கெனக் காப்பு நிதி நிறுவியது. 1840-க்குப் பின் நேர்ந்த வங்கி வீழ்ச்சிகளில் அந்நிதியும் வற்றிப்போயிற்று.