ஊரக வீட்டு அகலப்பட்டை இணைப்பு

ஊரக வீட்டு அகலப்பட்டை இணைப்பு என்பது சிற்றூர்களில் உள்ள வீடுகளுக்கு விரைவான, எப்போதும் இயங்கும் இணையத் தொடர்பை வழங்கும் ஏற்பாடு ஆகும். பேச்சு வழக்கில் இது பிராட்பேண்ட் என அழைக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் செப்புத் தொலைபேசிக் கம்பிகளில் பரவிய இச்சேவை, பின்னர் ஒளியிழைக்கு மாறியது. ஒரு வீட்டில் உண்மையில் கிடைக்கும் வேகம் ஊர் வரை வரும் வடத்தை மட்டும் பொறுத்ததன்று. ஊரிலிருந்து வீடு வரையுள்ள கடைசித் தொலைவும், வீட்டின் உள் கம்பியமைப்பும் அதே அளவு முக்கியமானவை. இக்கட்டுரை காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

வரலாறு

தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கு இணையத்தைக் கொண்டு செல்லும் முயற்சிகளுள் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் அசோக் சுன்சுன்வாலா குழுவினர் உருவாக்கிய கார்டெக்ட் என்னும் கம்பியில்லாத் தொழில்நுட்பம் குறிப்பிடத்தக்கது. 2001 இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் இதன்வழி ஊரக இணைய மையங்கள் தொடங்கப்பட்டன. இதன் வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் ஆகும்.

இந்திய அரசின் 2004 ஆம் ஆண்டு அகலப்பட்டைக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தைக் குறைந்தபட்ச வரையறையாகக் கொண்டது. 2005 இல் பி.எஸ்.என்.எல். நிறுவனம் டேட்டாஒன் என்ற பெயரில் தொலைபேசிக் கம்பி வழியாக இச்சேவையைத் தொடங்கியது. குறைந்தபட்ச வரையறை 2013 இல் 512 கிலோபிட்டாகவும், 2023 இல் 2 மெகாபிட்டாகவும் உயர்த்தப்பட்டது.

செப்புக் கம்பியில் தொலைவு கூடக்கூடச் சமிக்ஞை நலியும். ஏ.டி.எஸ்.எல். 2+ என்னும் முறை தொலைபேசி நிலையத்திற்கு அருகே நொடிக்கு 24 மெகாபிட் வரை தரவல்லது. சில கிலோமீட்டர் தள்ளியுள்ள வீட்டில் அது மிகக் குறைந்துவிடும். நகரத்தினும் சிற்றூரில் வேகம் குறைவாக இருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணமாகும்.

ஊராட்சி வரை ஒளியிழை

நாட்டின் ஏறத்தாழ 2.5 லட்சம் ஊராட்சிகளை ஒளியிழையால் இணைக்கும் தேசிய ஒளியிழை வலையமைப்புத் திட்டத்திற்கு நடுவண் அமைச்சரவை 2011 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. இத்திட்டம் 2015 இல் பாரத்நெட் எனப் பெயர் மாற்றம் பெற்றது. தமிழ்நாட்டில் இதன் இரண்டாம் கட்டத்தை, 2018 இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் ஏற்றது. 12,525 ஊராட்சிகளை இணைப்பது இதன் இலக்காகும்.

பராந்தக சோழன் காலக் குடவோலைக் கல்வெட்டுகளால் அறியப்படும் உத்திரமேரூர் ஒரு பேரூராட்சி ஆகும். அதனைச் சுற்றியுள்ள உத்திரமேரூர் ஊராட்சி ஒன்றியத்தில் 73 ஊராட்சிகள் உள்ளன. பாரத்நெட் கணக்கில் ஓர் ஊராட்சி இணைக்கப்பட்டது என்பதற்கு, அங்கு ஒளியிழையும் கருவியும் சென்று சேர்ந்தன என்பதே பொருள். அவ்வூராட்சியின் ஒவ்வொரு வீட்டுக்கும் இணைப்பு உண்டு என்பது பொருளன்று. ஓர் ஊராட்சியில் பல குக்கிராமங்கள் இருக்கலாம். அவை ஊராட்சி அலுவலகத்திலிருந்து தொலைவில் அமைந்திருக்கலாம். இக்கடைசித் தொலைவில் பி.எஸ்.என்.எல்., தனியார் நிறுவனங்கள், அவற்றுடன் இணைந்து செயற்படும் உள்ளூர் கேபிள் தொலைக்காட்சி நடத்துநர்கள் ஆகியோர் வடம் இழுக்கின்றனர். 2023 ஆகத்தில் ஒப்புதல் பெற்ற திருத்திய பாரத்நெட் திட்டம், ஊராட்சித் தலைமையிடம் அல்லாத சிற்றூர்களையும் தேவைக்கேற்ப இணைக்க வகை செய்கிறது.

ஒளியிழை இணைப்பு இயங்கும் முறை

வீட்டு இணைப்புகளில் ஜிபான் எனப்படும் முறை பரவலாகப் பயன்படுகிறது. இதில் ஒரே இழையின் ஒளி, மின்சாரம் தேவைப்படாத பிரிப்பான்கள் வழியாக 32 அல்லது 64 வீடுகளுக்குப் பகிரப்படுகிறது. வீட்டை நோக்கி 1490 நானோமீட்டர் அலைநீள ஒளியும், வீட்டிலிருந்து 1310 நானோமீட்டர் அலைநீள ஒளியும் செல்கின்றன. வீடுகளை நோக்கிய மொத்தக் கொள்ளளவு நொடிக்கு ஏறத்தாழ 2.5 கிகாபிட் ஆகும். இதனைப் பல வீடுகள் பகிர்வதால், பலரும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் இரவு வேளையில் வேகம் குறையக்கூடும்.

ஒளியிழை மோடத்தை அடையும் ஒளியின் திறன், பொதுவான கருவிகளில் −27 டிபிஎம் அளவுக்குக் கீழே சென்றால் இணைப்பு நிலையற்றதாகும். கூர்மையாக மடிந்த வடம், அழுக்குப் படிந்த இணைப்பி, சரியாக ஒட்டப்படாத இழை ஆகியவை இதற்குக் காரணங்களாகும். வைக்கோல் ஏற்றிய உயரமான வண்டிகளில் சிக்கி, தாழத் தொங்கும் வடம் அறுபடுவதும் உண்டு. இழை அறுந்தால் மோடத்தில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரியும்.

வீட்டு உள் கம்பியமைப்பு

மோடத்திலிருந்து கணினிக்குச் செல்லும் ஈதர்நெட் வடத்தில் நான்கு இணைக் கம்பிகள் உள்ளன. நொடிக்கு 1 கிகாபிட் வேகத்திற்கு நான்கும் தேவை. இரண்டு இணைகள் மட்டும் பொருத்தப்பட்டால் வேகம் 100 மெகாபிட்டில் நின்றுவிடும். மோடத்தின் துளை 100 மெகாபிட் வகையாக இருந்தாலும் இதே நிலைதான். கேட் 5ஈ வகை வடம் 100 மீட்டர் வரை பயன்படும். செப்பு பூசிய அலுமினிய வடம் விலை குறைந்தது. ஆனால் மின்தடை மிகுந்தது, எளிதில் முறியக்கூடியது. ஈதர்நெட் வடத்தை மின்கம்பி செல்லும் குழாயில் சேர்த்து இழுக்கக் கூடாது.

வைஃபை அலைகளுள் 2.4 கிகாஹெர்ட்ஸ் தொலைவு செல்லும். 5 கிகாஹெர்ட்ஸ் விரைவானது, ஆனால் சுவர்களால் மிகுதியும் தடைபடும். கான்கிரீட் தளம் இரண்டையும் நலிவுறச் செய்யும். எனவே மோடத்தை வாசலோரம் வைப்பதினும் வீட்டின் நடுவில் வைப்பது சிறந்தது. மாடிக்கு வடம் இழுத்து இரண்டாவது வைஃபை கருவியைப் பொருத்துவது, அலையைப் பெற்று மீண்டும் அனுப்பும் பெருக்கியைக் காட்டிலும் கூடுதல் வேகம் தரும்.

வேகத்தை அளவிடல்

நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட்டில் குறிக்கின்றன. கோப்புகளின் அளவு மெகாபைட்டில் காட்டப்படுகிறது. 8 பிட்டுகள் ஒரு பைட்டு ஆகும். எனவே 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட் இறங்கும். 1 கிகாபைட் பாடக் காணொளி இதில் சுமார் 80 நொடிகளில் இறங்கும். 2004 ஆம் ஆண்டு வரையறையான 256 கிலோபிட்டில் அதற்கு எட்டரை மணி நேரத்திற்கு மேல் ஆகும்.

குறைபாடு எங்கே என அறிய, முதலில் கணினியை வடத்தால் மோடத்துடன் நேரடியாக இணைத்து அளவிட வேண்டும். அங்கே முழு வேகம் கிடைத்து அறையில் கிடைக்காவிட்டால் குறை வீட்டுக்குள் உள்ளது. அங்கேயே குறைந்தால், வடமும் மோடத் துளையும் சரியாக உள்ளனவா எனப் பார்த்த பின் நிறுவனத்திடம் முறையிடலாம். இவ்வாறு சோதிக்காமல் கூடுதல் கட்டணத் திட்டத்திற்கு மாறுவதால் பயனில்லாமல் போகலாம்.

மின்தடையும் மின்னலும்

பழைய தொலைபேசிக்கு நிலையத்தின் மின்கலமே கம்பி வழியாக மின்சாரம் அளித்ததால், ஊரில் மின்தடை ஏற்பட்டாலும் அது இயங்கியது. ஒளியிழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே வீட்டு மோடத்திற்குத் தனியே மின்சாரம் தேவை. பெரும்பாலான மோடங்கள் 12 வோல்ட்டில் இயங்குவதால், அதற்கேற்ற சிறிய மின்கலக் கருவி சில மணி நேரத்திற்குப் போதுமானது. உலோகக் கம்பி இல்லாத ஒளியிழை வடம் மின்னலின் மின்சாரத்தை வீட்டுக்குள் கொண்டுவராது. எனினும் மின் இணைப்பு வழியாகவும், திறந்த வெளியில் செல்லும் ஈதர்நெட் வடம் வழியாகவும் கருவிகள் பழுதடையலாம். இடி மின்னலின்போது இவ்விரண்டையும் கழற்றி வைப்பது பாதுகாப்பானது.