இதயச் சுவரின் குழிகள்: ஜாலீனூஸும் இப்னுந் நஃபீஸும்

இதயத்தின் வலக் கீழறையையும் இடக் கீழறையையும் பிரித்து நிற்கும் தசைச் சுவர் வழவழப்பானதன்று. குர்பானி ஆட்டின் இதயத்தைப் பிளந்து பார்த்தவர்கள் இதனை அறிவர். அறைகளின் உட்புறமெங்கும் தசைநார்கள் வரப்புகளைப் போல் ஓடுகின்றன. அவ்வரப்புகளுக்கிடையே சிறு சிறு குழிகள் உள்ளன. அவை வாயகன்றவை, உள்ளே செல்லச் செல்லக் குறுகுபவை, எங்கே முடிகின்றன என்று எளிதில் கண்ணுக்குப் புலப்படாதவை. இக்குழிகள் சுவரை ஊடுருவி மறுபுறம் செல்கின்றனவா, இல்லையா? ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகள் மருத்துவ உலகம் 'செல்கின்றன' என்றே விடை கூறி வந்தது. அவ்விடையை மறுத்து எழுதியவர்களுள் நாம் அறிந்த முதல்வர், கெய்ரோவில் ஃபிக்ஹு கற்பித்துக்கொண்டிருந்த ஒரு ஷாஃபிஈ அறிஞர்.

முதலில் ஜாலீனூஸின் பக்கம் நின்று பார்ப்பதே நியாயம். கி.பி. 129ஆம் ஆண்டளவில் பெர்கமம் நகரில் பிறந்த இவர், அங்கே வாள்வீரர்களுக்கு மருத்துவம் பார்த்தார். பின்னர் உரோமில் பேரரசர் மார்க்கஸ் அவ்ரேலியஸின் மருத்துவரானார். மனித உடலை அறுத்துப் பார்க்கும் வழக்கம் அக்கால உரோமில் இல்லை. எனவே குரங்கு, பன்றி, மாடு ஆகியவற்றை அறுத்தே அவர் உடற்கூறு கற்றார். கல்லீரலில் உண்டாகும் இரத்தம் இதயத்தின் வலப்புறத்தை அடைகிறது. அங்கிருந்து ஒரு பகுதி நுரையீரலை ஊட்டுவதற்குச் செல்கிறது. மற்றொரு பகுதி இடைச்சுவரின் நுண்துளைகள் வழியே இடப்புறம் கசிந்து, அங்கே காற்றின் சாரத்தோடு கலந்து 'ரூஹ்' எனப்படும் உயிர்ச்சத்தாக மாறுகிறது என்பது அவரது கோட்பாடு. இதற்கு அவர் ஓர் அளவைச் சான்றும் காட்டினார். இதயத்தின் வலப்புறத்திற்கு இரத்தம் கொண்டுவரும் பெருங்குழாய், அங்கிருந்து நுரையீரலுக்குச் செல்லும் குழாயைவிடப் பெரியது. அப்படியானால் மிஞ்சிய இரத்தம் எங்கே சென்றது? சுவரிலுள்ள குழிகளே வழியாக இருக்க வேண்டும். குழிகளின் மறுமுனை ஏன் தெரியவில்லை எனில், அது மிக நுண்ணியது. மேலும் விலங்கு இறந்தபின் உறுப்புகள் குளிர்ந்து சுருங்கிவிடுகின்றன.

இவ்வாதத்தின் கடைசிப் பகுதியே நம் கவனத்திற்குரியது. உயிருள்ள இதயத்தில் திறந்திருந்து, இறந்த இதயத்தில் மூடிக்கொள்ளும் துளையை எவராலும் இல்லையென்று காட்ட முடியாது. மறுக்க வழியின்றி அமைக்கப்பட்ட கூற்று நீண்ட காலம் வாழும்.

அது அரபு மொழிக்கும் வந்தது. பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (809–873) தம் மாணவர்களோடு ஜாலீனூஸின் நூல்களை ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தார்; மொழிபெயர்ப்புகளைப் பட்டியலிட்டுத் தனியே ஒரு ரிஸாலாவும் எழுதினார். பின்னர் இப்னு ஸீனா (980–1037) தமது 'அல்-கானூன் ஃபித் திப்' நூலில் இச்செய்திகளை ஒழுங்குபடுத்தினார். இதயத்தில் இரண்டு பெரிய அறைகளுடன் நடுவில் ஒன்றுமாக மூன்று அறைகள் என்று, அரிஸ்தாத்தாலீஸின் கருத்தையும் ஜாலீனூஸின் கருத்தையும் இணைக்கும் போக்கில் அவர் எழுதினார். ஜாலீனூஸ் 'வழி' என்றதை இவர் ஏறக்குறைய ஓர் அறையாகவே ஆக்கினார் எனலாம்.

ஜாலீனூஸைத் திருத்தும் துணிவு அரபு மருத்துவத்தில் இல்லாமலில்லை. 1200ஐ ஒட்டிய ஆண்டுகளில் எகிப்தைக் கொடும் பஞ்சம் தாக்கியபோது அங்கிருந்த அப்துல் லத்தீஃப் அல்-பக்தாதீ, கெய்ரோவை அடுத்த மக்ஸ் என்னுமிடத்தில் குவிந்து கிடந்த எலும்புகளைச் சென்று பார்த்தார். இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட மண்டையோடுகளைச் சோதித்து, கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்ற ஜாலீனூஸின் கூற்று தவறு, அது பொருத்தற்ற ஒரே எலும்பு என்று எழுதினார். ஆயினும் தாடையெலும்பு வெளியே கிடந்தது. எவரும் கையிலெடுத்துப் பார்க்கக் கூடியது. இதயச் சுவரின் காரியம் அவ்வாறன்று.

அலாவுத்தீன் அலீ இப்னு அபில் ஹஸ்ம் அல்-கரஷீ என்னும் இப்னுந் நஃபீஸ், 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தவர். நூருத்தீன் ஸங்கீ 1154இல் திமிஷ்கில் நிறுவிய நூரி மருத்துவமனையில், அத்தக்வார் என்னும் புகழ்பெற்ற ஆசிரியரின் வழியில் மருத்துவம் பயின்றார். பின் கெய்ரோ சென்று தலைமை மருத்துவராக உயர்ந்தார். அங்குள்ள மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் ஷாஃபிஈ ஃபிக்ஹு கற்பித்தார். ஹிஜ்ரி 687இல் (1288) மறைந்தபோது தம் வீட்டையும் நூலகத்தையும் ஸுல்தான் கலாவூன் கட்டிய மன்ஸூரி மருத்துவமனைக்கு வக்ஃபு செய்திருந்தார். மருத்துவர்களின் வரலாற்றை எழுதிய இப்னு அபீ உஸைபிஆ இவரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஃபிக்ஹு அறிஞர்களின் வரலாற்றை எழுதிய தாஜுத்தீன் அஸ்ஸுப்கீயோ இவருக்கு இடமளித்துள்ளார்.

'ஷரஹு தஷ்ரீஹில் கானூன்' என்பது, இப்னு ஸீனாவின் நூலிலுள்ள உடற்கூற்றுப் பகுதிகளைத் திரட்டி இவர் எழுதிய விரிவுரை. அரபு பயின்றோர் இப்பெயரில் ஓர் அழகைக் காண்பர். 'ஷரஹ்' என்றால் விரித்துரைத்தல். 'தஷ்ரீஹ்' என்றால் உடலை விரித்துப் பார்த்தல். இரண்டிற்கும் வேர் ஒன்றே. ஸூரத்துல் இன்ஷிராஹின் பெயரும் அவ்வேரிலிருந்தே வந்தது. மூல நூலை விரித்துரைக்க வந்த இவ்விரிவுரையாளர், இதயத்தைப் பற்றிய பகுதியில் மூல ஆசிரியரையும் அவருக்கு முந்திய ஆசிரியரையும் ஒருங்கே மறுத்தார்.

அவர் சொன்னது இது. இதயத்தில் அறைகள் இரண்டே. மூன்றாவது அறை கிடையாது. அவ்விரு அறைகளுக்கிடையே கண்ணுக்குத் தெரியும் வழியும் இல்லை. ஜாலீனூஸ் கருதிய, கண்ணுக்குத் தெரியாத வழியும் இல்லை. அவ்விடத்தில் இதயத்தின் பொருள் தடித்தது; அதன் துளைகள் இறுகி மூடியவை. எனவே வலக் கீழறையில் நுண்மையடைந்த இரத்தம், நுரையீரலுக்குச் செல்லும் குழாய் வழியே சென்று, அங்கே பரவிக் காற்றோடு கலந்து, நுரையீரலிலிருந்து திரும்பும் குழாய் வழியே இடக் கீழறையை அடைந்தாக வேண்டும். அதற்காகவே நுரையீரலில் அவ்விரு குழாய்களுக்குமிடையே 'மனாஃபித்', அதாவது ஊடுவழிகள், அமைந்துள்ளன. ஓரிடத்தில் துளைகளை மறுத்தவர், மற்றோரிடத்தில் துளைகள் இருந்தே ஆக வேண்டும் என்றார். இவ்விரண்டாவது கூற்றைக் கண்ணால் காண 1661 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டில் இத்தாலியரான மால்பிகி, தவளையின் நுரையீரலில் தந்துகிகளை நுண்ணோக்கியால் கண்டார்.

இவர் இதயத்தை அறுத்துப் பார்த்தாரா என்பது நெடுநாளைய விவாதம். நூலின் முன்னுரையில், ஷரீஅத்தின் தடையும் தம் இயல்பிலுள்ள இரக்கமும் உடலை அறுக்கும் தொழிலிலிருந்து தம்மை விலக்கின என்கிறார். மூன்றாம் அறையை மறுக்கும் இடத்திலோ, தஷ்ரீஹே அதனைப் பொய்ப்பிக்கிறது என்ற கருத்தில் பேசுகிறார். எனவே இவர் இரகசியமாக அறுத்தே பார்த்திருக்க வேண்டும் என்று சிலர் முடிவு கட்டுகின்றனர். நமக்கு இது ஏற்புடையதாகத் தோன்றவில்லை. மரணப் படுக்கையில் மருத்துவ நண்பர்கள் மருந்தாக மதுவைக் கொடுத்தபோது அதனை மறுத்தவர் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடும் ஒருவர், ஷரீஅத்தின் தடை என்று எழுதிவிட்டு அதனை மீறினார் எனக் கொள்வதற்கு வலுவான சான்று வேண்டும். 'தஷ்ரீஹ்' என்னும் சொல் அறுக்கும் செயலை மட்டுமன்றி, உடற்கூறு என்னும் கலையையும் குறிக்கும் என்பதையும் நினைவிற் கொள்ளலாம். 2013இல் வெளிவந்த தம் ஆய்வு நூலில் நஹ்யான் ஃபேன்ஸி வேறொரு வழி காட்டுகிறார். ரூஹ், நஃப்ஸ் ஆகியன பற்றி இப்னுந் நஃபீஸ் கொண்டிருந்த கருத்துகளே பழைய உடலியலை மாற்றியமைக்க அவரைத் தூண்டின என்பது அவரது வாதம். கத்தியைவிட வாதம் முந்தியது என்பதில் நமக்கு ஐயமில்லை.

இங்கே நம்மவர்க்கு ஒன்று சொல்ல வேண்டியுள்ளது. ஹார்விக்கு முன்பே இரத்த ஓட்டம் முழுவதையும் கண்டுபிடித்தவர் இப்னுந் நஃபீஸ் என்று மேடைகளில் முழங்குவது வழக்கமாகிவிட்டது. அது சரியன்று. இதயத்தின் வலப்புறத்திலிருந்து நுரையீரல் வழியே இடப்புறம் இரத்தம் செல்வதை மட்டுமே அவர் கூறினார். தமனிகளில் செல்லும் இரத்தம் சிரைகள் வழியே இதயத்திற்கே மீள்கிறது என்பதை அவர் கூறவில்லை. கல்லீரலில் இரத்தம் உண்டாகிறது என்ற பழைய கருத்தையும் கைவிடவில்லை. முழுச் சுழற்சியை அளவுக் கணக்குடன் நிறுவியது 1628இல் வெளிவந்த ஹார்வியின் நூலே. உள்ள பெருமையே போதுமானதாயிருக்க, இல்லாததைச் சேர்ப்பவர் உள்ளதையும் ஐயத்திற்குள்ளாக்குகிறார்.

இக்கண்டுபிடிப்பு ஏன் பரவவில்லை? 14ஆம் நூற்றாண்டின் ஒருசில விரிவுரைகளில் இது எடுத்தாளப்பட்டது உண்மை. ஆனால் அவரது நூல்களுள் பெரும்புகழ் பெற்றது 'மூஜஸுல் கானூன்' என்னும் சுருக்கம். அதற்கு விரிவுரைகள் பல எழுந்தன. நஃபீஸ் இப்னு இவள் அல்-கிர்மானீ எழுதிய விரிவுரை 'நஃபீஸீ' என்ற பெயரில் இந்திய யூனானி மாணவர்களின் பாடநூலாக நெடுங்காலம் விளங்கியது. மூஜஸும் 19ஆம் நூற்றாண்டில் கல்கத்தாவில் அச்சேறியது. கானூனின் மற்றப் பகுதிகளைச் சுருக்கித் தந்த அந்நூல், உடற்கூற்றுப் பகுதியை விட்டுவிட்டது! ஆக, நம் நாட்டில் தலைமுறை தலைமுறையாக இவரைப் படித்தவர்கள் இவரது தலைசிறந்த கருத்தைப் படிக்கவில்லை. விரிவுரை கையெழுத்துப் பிரதியாக உறங்க, சுருக்கம் வகுப்பறைகளில் ஒலித்தது. பாடத்திட்டங்களை வகுப்போர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

ஐரோப்பாவிலும் துளைகள் எளிதில் மூடவில்லை. வெஸாலியஸ் 1543இல் தம் பெருநூலின் முதற்பதிப்பில், கண்ணுக்குத் தெரியாத வழிகளில் இரத்தத்தைக் கசியச் செய்யும் இறைவனின் வல்லமையை வியந்தார். 1555ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் தம் ஐயத்தை வெளிப்படையாக எழுதினார். ஸெர்வீட்டஸ் 1553இல் ஓர் இறையியல் நூலில் நுரையீரல் வழியைக் கூறினார். அதே ஆண்டு, சமயக் கொள்கைகளுக்காக, ஜெனீவாவில் உயிரோடு எரிக்கப்பட்டார். 1559இல் கொலம்போவின் நூலும் அதனைக் கூறியது. திமிஷ்கில் பல்லாண்டுகள் வாழ்ந்த ஆல்பாகோ மொழிபெயர்த்த இப்னுந் நஃபீஸின் விரிவுரைப் பகுதி 1547இல் வெனிஸில் அச்சானது என்பதைக் கொண்டு, இவர்கள் அவரிடமிருந்தே எடுத்தனர் என்று கூறுவோர் உண்டு. அப்பகுதி கூட்டு மருந்துகளைப் பற்றியது, இதயத்தைப் பற்றியதன்று.

இப்னுந் நஃபீஸின் கூற்றை நம் காலத்திற்கு மீட்டுத் தந்தவர் எகிப்திய மருத்துவரான முஹ்யித்தீன் அத்ததாவீ. பெர்லினிலிருந்த கையெழுத்துப் பிரதியைப் படித்து, 1924இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் தம் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். அது அச்சாகவில்லை. அதனை மாக்ஸ் மையர்ஹாஃப் உலகறியச் செய்தார். விரிவுரையின் அரபு மூலம் 1988இல் கெய்ரோவில் அச்சேறியது. இதற்கிடையே கலிபோர்னியாவில் ஹிஜ்ரி 640 (1242) என்று தேதியிட்ட பிரதியொன்று அடையாளம் காணப்பட்டது. முப்பது வயதையொட்டிய ஓர் இளைஞர் இதனை எழுதியுள்ளார் என்பது அதனால் தெளிவாயிற்று.

இனி, ஜாலீனூஸ் கண்ட அக்குழிகள் யாவை என்ற வினா எஞ்சுகிறது. அவற்றுட் பெரும்பாலானவை தசை வரப்புகளின் இடைவெளிகளே. எனினும் இதய அறைகளின் உட்சுவரில் மெய்யாகவே மிகச்சிறு வாய்கள் உண்டு என்பதை 1706இல் வியூஸனும் 1708இல் தெபீஸியஸும் எடுத்துக்காட்டினர். அவை சுவரை ஊடுருவி அடுத்த அறைக்குச் செல்வதில்லை. இதயத் தசையின் சொந்தக் குழாய்கள் அறைக்குள் திறக்கும் வாய்கள் அவை. இதயம் தன் உணவைத் தன் உடலிற் பரவியுள்ள குழாய்களிலிருந்தே பெறுகிறது என்று இப்னுந் நஃபீஸ் எழுதியிருப்பதை இங்கே இணைத்துப் பார்க்கலாம்.

கீழறைகளுக்கிடையிலான சுவரில் மெய்யான துளையோடு சில குழந்தைகள் பிறப்பதும் உண்டு. ஆனால் அத்துளையில் இரத்தம் பெரும்பாலும் ஜாலீனூஸ் சொன்ன திசையில் செல்வதில்லை. இடப்புறத்தில் அழுத்தம் மிகுதியாதலால் அது இடமிருந்து வலமாகப் பாய்கிறது. துளை பெரிதாயின் நுரையீரலில் இரத்தம் மிகுந்து குழந்தைக்கு மூச்சுத் திணறுகிறது. அத்தகைய துளையை இதயத்தைத் திறந்து தைத்து மூடும் அறுவை மருத்துவத்தை 1954இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் வால்டன் லில்லெஹை செய்து காட்டினார்.