திருமலை நாயக்கர் மகாலும் பெருவடிவக் கேமராவும்

கைவிடப்பட்டுச் சிதையும் கட்டடங்களைப் பெருவடிவக் கேமராவால், அதாவது குறைந்தது 4-க்கு 5 அங்குலப் பரப்புள்ள தனித்தனி நெகட்டிவ்களில் பதிவுசெய்யும் கருவியால், படமெடுக்கும் மரபுக்குத் தமிழ்நாட்டில் முதன்மையான சான்று, 1858-இல் மதுரைத் திருமலை நாயக்கர் மகாலில் லின்னேயஸ் டிரைப் எடுத்த ஒளிப்படங்களாகும். 1636-ஐ ஒட்டி எழுந்த அம்மாளிகையின் பெரும்பகுதியைத் திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர், திருச்சிராப்பள்ளியில் தமக்கு அரண்மனை கட்டுவதற்காகப் பிரித்தெடுத்தார் என்பது வழிவழிச் செய்தி; எஞ்சிய கூடங்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பாழடைந்திருந்தன.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படை அதிகாரியான டிரைப் (1822–1902), 1855-இல் பர்மாவின் ஆவா அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவுடன் படமெடுத்துப் பெயர் பெற்றபின், 1856-இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பட்டு, 1857 டிசம்பரில் புறப்பட்டு ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களைப் படமாக்கினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பகுதிக் கல்வெட்டை 21 அச்சுகளாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக இணைத்தது அப்பயணத்தின் அரிய பேறு.

அவர் பெரிதும் கையாண்டது, ஏறத்தாழ 12-க்கு 15 அங்குல மெழுகுக்காகித நெகட்டிவ் ஆகும். காகிதத்தில் மெழுகை ஊறவைத்து ஒளி ஊடுருவச் செய்து, பின்னர் வெள்ளி உப்புகளை ஏற்றும் இம்முறையைப் பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே 1851-இல் வெளியிட்டார். அதே ஆண்டில் வெளிவந்த ஈரக் கொலோடியன் முறையில், கண்ணாடித் தகட்டின் பூச்சு காய்வதற்குள் படமெடுத்து உருத்துலக்கியாக வேண்டும். மாட்டுவண்டிப் பயணத்திலும் கோடை வெயிலிலும் அது பெரும்பாடு என்பதால், முன்கூட்டியே பக்குவப்படுத்தி வைக்கக்கூடிய காகிதமே தென்னாட்டுக்கு ஏற்றதாயிருந்தது. ஒளியேற்றம் நிமிடக்கணக்கில் நீடித்தமையால் நடமாடும் மனிதர் படத்தில் பதியாமலோ கலங்கியோ போயினர். ஆளற்ற கூடங்களோ தூண் தூணாகத் தெளிந்து பதிந்தன. நெகட்டிவை உருப்பெருக்காமல், காகிதத்தின்மேல் படியவைத்து வெயிலில் அச்சிட்டதால் நுண்விவரம் எதுவும் இழக்கப்படவில்லை.

இப்படங்களைச் சான்றாகக் கொள்வோர் ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். அக்கால நெகட்டிவ் நீலநிறத்தை மிகையாக ஏற்றமையால் வானம் வெறுமையாக வெளிறியது. அதை ஈடுசெய்ய டிரைப் நெகட்டிவிலேயே மேகங்களைத் தீட்டினார். ஆகவே அவருடைய சுவரையும் தூணையும் நம்பலாம், வானத்தை நம்பலாகாது.

செலவு மிகுதி என்று கருதிய ஆளுநர் டிரெவெலியன் 1859-இல் இப்பணியை நிறுத்தினார். இது வருந்தத்தக்க முடிவே. 1867–68-இல் எட்மண்ட் டேவிட் லையன் கண்ணாடி நெகட்டிவ்களில் மகாலை மீண்டும் படமெடுத்தார். அடுத்து, 1866 முதல் 1872 வரை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபுவின் முயற்சியால், கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோமின் பொறுப்பில் மகால் பழுதுபார்க்கப்பட்டு, நெடுங்காலம் நீதிமன்றங்களுக்கு இடமாயிற்று. இன்று காணும் வளைவுகளிலும் சுதை வேலைப்பாட்டிலும் நாயக்கர் காலத்தது எது, சீரமைப்பில் சேர்ந்தது எது என்று பிரித்தறிய, சீரமைப்புக்கு முந்தைய இவ்விரு படத்தொகுதிகளுமே முதன்மையான துணை.

பெருவடிவக் கேமராவின் இப்பயன் கைபேசிக் காலத்திலும் ஓயவில்லை. ஜெர்மனியின் பெர்ன்ட், ஹில்லா பெக்கர் இணையர் 1959 முதல் வழக்கொழிந்துவந்த சுரங்கக் கோபுரங்களையும் ஊது உலைகளையும் இவ்வகைக் கருவியால் பதிவுசெய்தனர். பிரான்சின் ஈவ் மார்ஷான், ரொமேன் மெஃப்ர் இருவரும் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் கைவிடப்பட்ட கட்டடங்களை இவ்வாறே படமாக்கி 2010-இல் நூலாக வெளியிட்டனர்.