நக்கவாரம்: ஒலியொப்புமையும் பொருளும்

முதலாம் இராசேந்திரன் 1025-ஆம் ஆண்டளவில் நிகழ்த்திய கடாரப் படையெடுப்பில் கொண்ட இடங்களை அவன் மெய்க்கீர்த்தி நிரல்படுத்துகிறது. அவற்றுள் ஒன்றாகிய மாநக்கவாரம் நிக்கோபார்த் தீவுகளே என்பர். இப்பெயருக்கு முன்வரும் அடைத்தொடர் தேன்மிக்க நெடுஞ்சோலைகளைப் பற்றியது. அதிலும் ‘நக்க’, ‘வார்’ என்னும் ஒலிகள் அடுத்தடுத்து நின்று தீவின் பெயரில் எதிரொலிக்கின்றன. வார் என்பது அங்கு நீட்சிப்பொருளது. ஓசை நயம் கருதிப் புலவர் அமைத்த இவ்வொப்புமையைச் சொற்பிறப்பாக எண்ணி, நக்கவாரமாவது தேன் பொழியும் நாடு என்று மொழிபெயர்த்தல் பொருந்தாது.

பெயரின் முற்பகுதியை ஆய்வாளர் பலர் வடமொழி ‘நக்ன’ என்பதனோடு இணைப்பர். ஆடையற்ற என்பது அதன் பொருள். பாலியில் அது ‘நக்க’ என ஒலிக்கும். அயலார் குறிப்புகளும் இதற்கு அரண் செய்கின்றன. ஏழாம் நூற்றாண்டுச் சீனத் துறவி இத்சிங், கடாரத்திலிருந்து வடக்கே பத்து நாள் கடல்வழியில் ஆடையற்றோர் நாடு இருப்பதாக எழுதினார். அம்மக்கள் தேங்காயைக் கொடுத்து இரும்பை விரும்பிப் பெற்றனர் என்கிறார். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கேட்டறிந்த பெயரோ நெகுவேரன்.

தமிழகத்தில் அதே வேர்ச்சொல்லின் நிலை வேறு. பிச்சாடனக் கோலத்துச் சிவபெருமானுக்கு நக்கன் என்பது திருப்பெயர். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயர்களைக் கல்வெட்டு ‘நக்கன்’ என்னும் முன்னொட்டுடன் தருகிறது. அது இறைவனுக்கு உரியவர் என்னும் சிறப்பு. மணிமேகலையிலோ கலமுடைந்து கரையேறிய சாதுவனைச் சூழ்வோர் நக்க சாரணர் நாகர். அவன் உயிர்தப்பியது அவர்தம் மொழியை முறையாகக் கற்றிருந்தமையால். மொழிபெயர்ப்பாளர் மறக்கலாகாத செய்தி இது. அந்நாகர் நாட்டை நிக்கோபார் எனத் துணிதற்குப் பெயரொப்புமை ஒன்றே போதாது.

கோயிலில் சிறப்பாகிய சொல் தீவுக்கு வந்தபோது அயலாரின் பார்வையைச் சுமந்தது. ஆதலின் நக்கவாரத்தை ‘ஆடையற்றோர் நாடு’ எனப் பெயர்த்தெழுதாது சிறப்புப்பெயராகவே நிறுத்துதல் தகும். (அந்தமான் என்பதிலும் மானைத் தேட வேண்டுவதில்லை.)

தீவினர் தாமே வழங்கும் பெயர்கள் வேறு. கார் நிக்கோபார் மக்கள் தம் தீவைப் பூ என்பர். தமிழ்ச் செவிக்கு இது மலராகவே கேட்கும். ஆயின் அவர்கள் மொழி காசி, மோன், கெமர் மொழிகளோடு ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சார்ந்தது. தமிழ்ப் பூவுக்கும் அதற்கும் உறவில்லை. தமிழில் அதனைப் ‘பூ என்னும் தீவு’ என்று எழுதலாம். ‘மலர்த்தீவு’ என்றல் கூடாது.