கோபுரம் இல்லாத ஆலயம்



போன ஆண்டு கட்டட நிதிக் கூட்டத்தில் எழுந்த பேச்சு உங்களுக்கு நினைவிருக்கும். நாம் சொந்தமாக ஆலயம் கட்டினால் கோபுரம் வேண்டுமா, வேண்டாமா? "கோபுரம் இல்லாமல் அது கோயில் மாதிரியா இருக்கும்?" என்று பெரியவர்கள் கேட்டார்கள். செலவுக்கணக்கு வைத்திருந்த தம்பிமார் தலையைச் சொறிந்தார்கள். அன்று எனக்கு இல்லினாய் மாநிலத்தில் ஆண்டோவர் என்ற சிற்றூரில் குடும்பத்தோடு போய்ப் பார்த்த ஒரு சின்ன ஆலயம் நினைவுக்கு வந்தது. அதைக் கட்டியவரும் நம்மைப் போலக் கடல் தாண்டி வந்தவர்தான். சுவீடன் தேசத்துப் போதகர் லார்ஸ் பால் எஸ்பியோர்ன்.

அவர் 1808இல் பிறந்தார். சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். 1832இல் குருப்பட்டம் பெற்று, சுவீடனில் ஓர் இரும்புப் பட்டறை ஊரில் ஊழியம் செய்தார். அந்தக் காலத்தில் அங்கே பண்ணை வீடுகளிலேயே சாராயம் காய்ச்சுவார்கள். இவர் மதுவிலக்குப் பிரசங்கம் செய்தால் எல்லாருக்குமா பிடிக்கும்? பஞ்சத்துக்கும் நிலமில்லாமைக்கும் பயந்து ஜனங்கள் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறத் தொடங்கியபோது, அவர்களுக்கு ஒரு மேய்ப்பன் வேண்டும் என்று சொல்லி 1849இல் இவரும் மனைவி அமாலியாவோடும் பிள்ளைகளோடும் கிளம்பினார். கூட வந்தவர்கள் நூற்றுக்கும் மேல். அந்தப் பயணத்திலேயே பிள்ளையைப் பறிகொடுத்தார்கள். சிகாகோ வந்து சேர்ந்ததும் எஸ்பியோர்னே நோயில் விழுந்தார். கூட வந்த கூட்டம் அவருக்கு முன்னே ஆண்டோவர் போய்விட்டது.

1850 மார்ச் 18ஆம் தேதி ஆண்டோவரில் சபை தொடங்கியது. உறுப்பினர்கள் எத்தனை பேர் தெரியுமா, பிள்ளைகளே? பத்தே பேர். நம் முதல் ஆராதனைக்கு வந்தவர்களைவிடக் குறைவு! ஓர் அமெரிக்க மிஷன் சங்கம் ஆண்டுக்கு 300 டாலர் உதவியது. அதை வைத்துக் குடும்பம் நடத்தலாம், ஆலயம் கட்ட முடியாது. ஆகவே 1851இல் அவர் கிழக்குப் பக்கத்து நகரங்களுக்குக் காணிக்கை கேட்டுப் புறப்பட்டார். பத்து, இருபது டாலராகச் சேர்த்துக்கொண்டு போகையில் பெரிய உதவி ஒன்று கிடைத்தது. உலகப் புகழ் பெற்ற சுவீடன் பாடகி ஜென்னி லிண்ட் அப்போது அமெரிக்காவில் ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருந்தார். தன் தேசத்து ஏழைகளின் ஆலயத்துக்கென்று 1,500 டாலர் கொடுத்தார். போதகர் சேர்த்த மொத்தப் பணமே ஏறக்குறைய 2,200 டாலர்தான். இன்றும் அந்த ஆலயத்துக்கு ஜென்னி லிண்ட் சிற்றாலயம் என்றே பெயர்.

பணம் வந்துவிட்டது, இனி மளமளவென்று சுவர் எழும்பும் என்றுதான் நாம் நினைப்போம். அப்படி நடக்கவில்லை. 1852இல் அமாலியா இறந்துபோனார். அந்த ஆண்டுகளில் அந்த வட்டாரமெங்கும் காலரா. பக்கத்தில் இருந்த பிஷப் ஹில் என்ற சுவீடன் குடியேற்றத்தில் 1849இல் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டிருந்தார்கள்.

ஒரு நர்ஸாக இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் ஊரில் பயிற்சி பெற்றபோது வயிற்றுப்போக்கு வார்டில் வேலை பார்த்திருக்கிறேன். காலராவில் ஒரே நாளில் பல லிட்டர் தண்ணீர் உடம்பை விட்டுப் போய்விடும். கண் குழிந்து, தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நிற்கும். இன்று சுத்தமான தண்ணீரில் அளவாக உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுத்தே பெரும்பாலானவர்களைக் காப்பாற்றிவிடுகிறோம். நிலைமை மோசமானால் டிரிப் ஏற்றுவோம். அன்றைக்கு இந்த அறிவு பரவலாக இல்லை. நோயாளியின் ரத்தத்தைக் கீறி வெளியேற்றினார்கள். பாதரசம் கலந்த மருந்து கொடுத்தார்கள். காலரா குடிதண்ணீரில் பரவுகிறது என்று லண்டனில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் தெருக்குழாய் ஒன்றைச் சுட்டிக்காட்டியது 1854இல்தான். கிருமியை ராபர்ட் கோக் நம் கல்கத்தாவில் உறுதிப்படுத்தியது 1884இல்.

ஆண்டோவரிலோ, கப்பலிலிருந்து வந்து இறங்கியவர்கள் வீடில்லாமல், காய்ச்சலும் கழிச்சலுமாகக் கிடந்தார்கள். ஆலயத்தின் கீழ்த்தளம் மட்டும் முடிந்திருந்தது. அதைத் திறந்து அவர்களைப் படுக்க வைத்தார்கள். பிரதிஷ்டை ஆகும் முன்னே அந்த இடம் ஆஸ்பத்திரி ஆகிவிட்டது. சாவு தொடர்ந்தது. சவப்பெட்டிக்குப் பலகை போதவில்லை. கோபுரத்துக்கென்று வைத்திருந்த மரத்தை எடுத்துப் பெட்டி செய்தார்கள் என்று ஆண்டோவர் மக்கள் இன்றும் சொல்கிறார்கள்.

எனக்கு இந்த இடத்தில்தான் மனம் நிற்கிறது. பிணத்தைத் துணியில் சுற்றியும் புதைத்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் உற்றார் உறவினர் இல்லாத தேசத்தில் செத்தவனுக்கு ஒரு பெட்டியாவது வேண்டும் என்று அந்தச் சபைக்குத் தோன்றியிருக்கிறது. வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர் ஒருவரும் பக்கத்தில் இல்லாமல் கண்ணை மூடியவர்களை நான் துடைத்து, உடை மாற்றி அனுப்பியிருக்கிறேன். அதனால் எனக்கு அது புரிகிறது.

1854 டிசம்பரில் ஆலயம் கோபுரம் இல்லாமலே பிரதிஷ்டையானது.

எஸ்பியோர்ன் அதோடு ஓய்ந்துவிடவில்லை. மோலின், கேல்ஸ்பர்க் ஊர்களிலும் சபைகளை உருவாக்கினார். 1858இல் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு கல்லூரியில் பேராசிரியரானார். நிர்வாகத்தோடு ஒத்துப்போகவில்லை. மனிதர் கொஞ்சம் விட்டுக்கொடுக்காதவர்தான் போலிருக்கிறது. 1860இல் வேலையை விட்டுவிட்டுத் தன் மாணவர்களோடு சிகாகோ வந்தார். அங்கே தொடங்கியதுதான் இன்று ராக் ஐலண்டில் இருக்கும் அகஸ்டானா கல்லூரி. அதற்கு முதல் தலைவர் அவரே. 1863இல் சுவீடனுக்கே திரும்பி ஒரு கிராமச் சபையில் போதகராக இருந்து, 1870இல் காலமானார். திரும்பிப் போனதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். மனைவியையும் பிள்ளையையும் இந்த மண்ணுக்குக் கொடுத்த மனிதரை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆண்டோவர் சிற்றாலயம் இன்றும் நிற்கிறது. வெள்ளை அடித்த சுவர், நேரான ஜன்னல்கள். அடுத்த கோடையில் ஒரு சனிக்கிழமை பஸ் ஏற்பாடு செய்து பிள்ளைகளை அழைத்துப் போகலாம் என்று பெண்கள் ஐக்கியத்தில் பேசியிருக்கிறோம். சிகாகோவிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். வர விரும்புகிறவர்கள் ஆராதனை முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.